திரை அணைந்த பின்னும் விழித்திருத்தல்: ஓர் அனுமதியின் வரலாறு

பெங்களூரின் ஆட்டோ நிறுத்தமொன்றில் சவாரிக்காகக் காத்திருக்கும் ஓட்டுநரின் கைப்பேசி, இயங்குதளத்தின் கணக்கில் பயன்பாட்டில் இல்லாத கருவி. திரை அணைந்திருக்கிறது, சார்ஜரில் இணைக்கப்படவில்லை, அசைவும் இல்லை. ஓட்டுநரின் கணக்கிலோ அது வேலை நேரம். இந்த முரண் தற்செயலானதன்று. அதற்கென ஒரு வரலாறு உண்டு.

2008இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி வெளிவந்தபோது, பின்னணியில் இயங்கச் செயலிகளுக்குப் பெருந்தடை ஏதும் இல்லை. 'வேக்லாக்' என்னும் பூட்டைப் பெற்ற செயலி, திரை அணைந்த பின்னும் பிராசசரை உறங்கவிடாது. லினக்ஸ் கெர்னலை உருவாக்குவோர் இம்முறையை ஏற்கத் தயங்கினர். நெடிய விவாதத்திற்குப் பின், 2012இல்தான் இதற்கிணையான வசதி கெர்னலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் அபினவ் பதக், அபிலாஷ் ஜிண்டால், சார்லி ஹூ, சாமுவேல் மிட்கிஃப் ஆகியோர், எடுத்த பூட்டை விடுவிக்கத் தவறும் பிழைகளை வகைப்படுத்தி ஆய்வுரை வெளியிட்டனர். ஆப்பிள் 2009இலேயே வேறு வழியைத் தேர்ந்திருந்தது: செயலிகள் தனித்தனியே விழித்திராமல், எல்லாவற்றுக்குமான செய்திகளை ஒரே இணைப்பு கொண்டுவந்து சேர்க்கும்.

பெங்களூரில் 2013இல் ஊபரும் 2014இல் ஸ்விக்கியும் சேவையைத் தொடங்கின. இடையறாத இணைப்பையும் இருப்பிடத் தகவலையும் நம்பிய தொழில்கள் இவை. 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 'டோஸ்' முறையைக் கொணர்ந்தது. அசையாதிருக்கும் கைப்பேசியில் செயலிகளின் இணைய அணுக்கம் நிறுத்தப்பட்டு, இடையிடையே குறுகிய நேரம் மட்டும் திறக்கப்பட்டது. 2016இல் அதன் மென்மையான வடிவம் நகரும் கைப்பேசிகளுக்கும் விரிந்தது. 2017இல் வந்த 8.0 பதிப்பில், பின்னணிச் செயலி மணிக்குச் சில முறையே இருப்பிடத்தைப் பெற இயலும் என்றாயிற்று. தொடர்ந்து இயங்க விரும்பிய செயலி, அறிவிப்பொன்றை நிலையாகக் காட்டியாக வேண்டியிருந்தது.

இக்கட்டுப்பாடுகள் பேட்டரியைக் காத்தன. மறைமுகக் கண்காணிப்பையும் குறைத்தன. இப்பயன்கள் ஓட்டுநருக்கும் உரியவையே. ஆயினும் விதியை வகுக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதை 2020 வெளிப்படுத்தியது. சிங்கப்பூர் அரசின் தொற்றுத் தடமறிச் செயலி ஐபோனில் சரிவர இயங்க, அதைத் திரையில் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆப்பிளும் கூகுளும் அவ்வாண்டு மே மாதம் தம் சொந்த இடைமுகத்தை வெளியிட்டன. அதன் நிபந்தனைகளையும் அவையே வகுத்தன. ஓர் அரசுக்கே இந்நிலை.

2022 நவம்பரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய 'நம்ம யாத்ரி', சவாரிக்கான கமிஷனை நீக்கியது. உறக்க விதி அதன் கைக்கும் எட்டாதது. விதிவிலக்கு வேண்டுமெனில், பேட்டரி சேமிப்பிலிருந்து செயலியை விடுவிக்கும் அனுமதியை ஓட்டுநரே தம் கைப்பேசியில் அளித்தாக வேண்டும். அதனால் கூடும் மின்செலவும் அவருடையதே.

திரையைப் பார்ப்பதே பயன்பாடு என்பது இயங்குதளத்தின் வரையறை. காத்திருப்பதும் உழைப்பே என்பது ஆட்டோ நிறுத்தத்தின் வரையறை. உழைப்பு வரலாற்றை ஆராய்வோர், கைப்பேசியின் அமைப்புகள் பக்கத்தையும் ஓர் ஆவணமாக வாசிக்க வேண்டிய காலம் இது.