கிரேச்சோவின் வைக்கோல்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும் வேளையில் நம் இல்லந்தோறும் குடில் எழும்புகிறது. இவ்வழக்கத்தின் ஊற்றைத் தேடிச் செல்வோர், இத்தாலி நாட்டின் ரியேத்திப் பள்ளத்தாக்கில், மலைச்சரிவில் அமைந்த கிரேச்சோ என்னும் சிற்றூரை வந்தடைவர். 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் அங்கு நிகழ்ந்ததைச் செலானோ ஊர்த் தோமா என்னும் துறவி, தாம் வரைந்த தூய பிரான்சிசின் முதல் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அசிசியின் அந்த ஏழைத் துறவி மறைந்து மூன்று ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட நூல் அது.

விழாவுக்கு ஏறத்தாழ இரு வாரங்கள் இருக்கையில், பிரான்சிஸ் அவ்வூரைச் சார்ந்த யோவான் என்னும் பெருந்தகையை அழைத்தார். தீவனத் தொட்டி ஒன்று, சிறிது வைக்கோல், ஒரு காளை, ஒரு கழுதை ஆகியவற்றை ஆயத்தம் செய்யுமாறு வேண்டினார். பெத்லகேமில் பிறந்த பாலன் பட்ட இல்லாமையை ஊனக் கண்களால் காண வேண்டும் என்பதே அவரது ஏக்கம். மக்கள் மெழுகுதிரிகளும் தீப்பந்தங்களும் ஏந்தி வந்தனர். தீவனத் தொட்டியின்மீது திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. திருத்தொண்டராயிருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். அன்னை மரியாவுக்கோ சூசையப்பருக்கோ சுரூபம் வைத்ததாகத் தோமா குறிப்பிடவில்லை.

விழாவுக்குப் பின் எஞ்சியது என்ன? அவ்வைக்கோலைப் பத்திரப்படுத்தி வைத்ததாகவும், அதை உண்ட நோயுற்ற கால்நடைகள் நலமடைந்ததாகவும் தோமா எழுதுகிறார். குடிலில் எதுவும் குப்பையாகவில்லை. ஊரிலிருந்து வந்தது ஊருக்கே திரும்பியது. வாயில்லா உயிர்களுக்கு உணவாயிற்று.

அதே தோமா பிற்காலத்தில் எழுதிய இரண்டாம் வரலாற்றில் மற்றொரு செய்தியைத் தருகிறார். கிறிஸ்து பிறப்பு நாளில் செல்வர் ஏழையரை வயிறார உண்பிக்க வேண்டும். காளைகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தினும் மிகுதியாகத் தீவனம் இட வேண்டும் என்று பிரான்சிஸ் விரும்பினாராம். பேரரசரைக் காண நேர்ந்தால், பறவைகளுக்காக, சிறப்பாக வானம்பாடிகளுக்காக, வசதி படைத்தோர் யாவரும் அந்நாளில் சாலைகளில் தானியம் தூவவேண்டுமெனச் சட்டம் இயற்றக் கேட்பேன் என்றாராம்.

இதைக் கொண்டு அவரை இக்காலப் பொருளில் சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று அழைப்பது பொருந்தாது. அவர் கண்ட இறைவன் ஏழை. எனவே அவர் ஏழ்மையை நாடினார். தேவைக்கு மேல் எடுக்காதவன் மண்ணை வருத்துவதில்லை. அவரது எளிமையும் படைப்பின்மேல் அவர் கொண்ட பரிவும் ஒரே வேரில் கிளைத்தவை.

குடில் பின்னர் வேறு வழியில் வளர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிற்பி அர்னோல்போ தி காம்பியோ, உரோமையின் தூய மரியா பேராலயத்திற்குப் பளிங்கில் குடில் உருவங்களைச் செதுக்கினார். 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரச் செல்வர் பட்டாடை உடுத்திய பொம்மைகளால் தம் மாளிகைகளை நிறைத்தனர். அழகு வளர்ந்தது, செலவும் வளர்ந்தது. எனினும் அவை தலைமுறைகளுக்குப் பேணப்பட்டன. இன்றோ, தெர்மோகோல் மலையும் பிளாஸ்டிக் புல்லும் மூவரசர் திருநாள் முடிந்ததும் கோயிலின் பின்புறம் எரிக்கப்படுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பாலன் பிறந்ததைக் கொண்டாடிய பொருளே அண்டை வீட்டுக் குழந்தையின் மூச்சுக்கு நஞ்சாகிறது.

திருச்சபை இதுபற்றி மௌனமாயிருக்கவில்லை. 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பிரான்சிசைச் சூழலியலைப் பேணுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியைப் படைப்பு அனைத்தோடும் அமைதி என்னும் பொருளிலேயே வழங்கினார். 2015இல் படைப்பைப் பேணுதல் பற்றிய சுற்றுமடலை வெளியிட்ட திருத்தந்தை பிரான்சிஸ், 2019 டிசம்பர் முதல் நாள் கிரேச்சோவுக்கே சென்று, குடிலின் பொருளை விளக்கும் திருமடலில் கையொப்பமிட்டார்.

நம் குடிலுக்குப் புதிதாக ஏதும் வாங்க வேண்டியதில்லை. வயலிலிருந்து ஒரு பிடி வைக்கோல், தென்னங்கீற்று, களிமண், சென்ற ஆண்டுச் சுரூபங்கள் இவை போதும். விழா முடிந்ததும் அவ்வைக்கோலை ஒரு மாட்டின் முன் இடுவோம். பறவைகளுக்கென முற்றத்தில் ஒரு கைப்பிடி தானியம் தூவுவோம். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பேரரசரிடம் கேட்க எண்ணிய அந்தச் சட்டத்தை நம் வீட்டளவிலேனும் நிறைவேற்றியவர்கள் ஆவோம்.