உப்பு கரைகிற வரைக்கும்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். தரம் மூன்று படிக்கிற ஒரு பிள்ளை, எழுதுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வலது கையைச் சட்டைக்குள் ஒளித்தே வைத்திருந்தது. கைகோர்த்து வட்டமாக நிற்கச் சொன்னால் பக்கத்துப் பிள்ளைகள் "அவ கைய புடிக்க மாட்டோம்" என்று விலகினார்கள். கையை வாங்கிப் பார்த்தோம். விரல்களிலும் நகக்கண் ஓரத்திலும் ஏழு மரு. எட்டாவது ஒன்று பெருவிரலில் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் இப்போது கருகின புண்தான். பேட்டரித் தண்ணி வைத்துச் சுட்டிருந்தார்கள்.

கோபம் வந்தது. அம்மாவிடமே கேட்டோம். "ஒரு வருசமா பாத்தாச்சு. மருந்துக்குப் போனா அது தானா போயிரும், பொறுத்துப் பாருங்கன்னு சொல்லிட்டாங்க. எங்கள எதுக்குத்தான் பொறுக்கச் சொல்லல?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பெயர். எங்கள் வீடுகளில் சிலர் இதை மரு என்பார்கள், சிலர் பாலுண்ணி என்பார்கள். சிங்களத்தில் 'இன்னா'. கையில் காலிஃபிளவர் மாதிரி சொரசொரவென்று வருவது ஒரு வைரஸ். நடுவில் குழி விழுந்து முத்துப் போல மினுங்கிக்கொண்டு பிள்ளைகளின் உடம்பில் வருவது வேறொரு வைரஸ். ஊரில் ரெண்டுக்கும் ஒரே பெயர் ஓடுகிறது. இங்கே பேசுவது முதலாவதைப் பற்றி.

மருவுக்கு வைத்தியம் தேடுவது புதுக் கதை இல்லை. சுசுருத சங்கிதையில் 'சர்மகீலம்' என்ற பெயரில் தோலில் முளைக்கும் கட்டிகள் வருகின்றன. வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இல்லாமல் காரத்தாலோ நெருப்பாலோ சுட வேண்டும் என்பது அதன் வழி. எங்கள் லயங்களில் சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து வைக்கிறார்களே, அதுவும் காரம்தான். கள்ளிப்பால், எருக்கம்பால், முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் எல்லாம் அதே வேலையைச் செய்பவை, தோலைப் பொசுக்குபவை. சுசுருதர் காலத்து வைத்தியனுக்கு எவ்வளவு வைக்க வேண்டும், எப்போது கழுவ வேண்டும் என்று கற்றுக்கொடுக்க ஒரு குரு இருந்திருப்பார். பேட்டரித் தண்ணிக்கு அப்படி யாரும் இல்லை. அது கந்தக அமிலம், மருவோடு நிற்காது, கீழே இருக்கிற சதையையும் தின்றுவிடும்.

சுடாத வைத்தியங்களும் உண்டு. குதிரை வால் முடியால் மருவின் அடியை இறுக்கிக் கட்டுவதை எங்கள் அம்மாயிமார் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். துரைமார் குதிரையில் மலை பார்க்க வந்த காலத்தில் முடி கிடைக்கக் கஷ்டம் இருந்திருக்காது, இப்போது துரை ஜீப்பில் வருகிறார் என்று ஒரு அம்மாயி சிரித்தார். ஆனால் அதிகம் பேர் சொன்னது உப்பும் மிளகும். தமிழ்நாட்டில் வைத்தீஸ்வரன் கோவிலின் சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள், உப்பும் மிளகும் காணிக்கை போடுவார்கள். மாரியம்மன் கோவில்களிலும் உப்பு மிளகு கொட்டுகிற வழக்கம் உண்டு. உப்பு கரைகிற மாதிரி மரு கரையும் என்பது நம்பிக்கை. கோப்பிக் காலத்திலிருந்து கடல் தாண்டி வந்த சனங்கள் மாரியம்மனையும் கூடவே கொண்டு வந்தார்கள். குளம் இல்லாத இடத்தில் பீலித் தண்ணியும் ஆறும் குளமாகின. நேர்த்திக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைப்பது இன்றும் நடக்கிறது.

இது நம்முடைய மூடநம்பிக்கை என்று வெட்கப்படுகிறவர்களுக்காக ஒரு கதை. நவீன விஞ்ஞான முறைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் என்று கொண்டாடப்படுகிற பிரான்சிஸ் பேக்கன், பதினாறு வயதளவில் பாரிஸில் இருந்தபோது அவருடைய ரெண்டு கையிலும் நூறு மரு போல முளைத்துவிட்டன. ஆங்கிலேயத் தூதரின் மனைவி, தோலோடு கூடிய பன்றிக் கொழுப்புத் துண்டை எடுத்து எல்லா மருவிலும் தேய்த்து, அதைத் தெற்குப் பார்த்த ஜன்னல் கம்பத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். கொழுப்பு வெயிலில் உருகியது. ஐந்து வாரத்துக்குள் மரு எல்லாம் போய்விட்டது. பேக்கன் இறந்தபின் 1627-இல் வெளிவந்த அவருடைய நூலில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். பாரிஸில் கொழுப்பு உருகியது, நம் ஊரில் உப்பு கரைந்தது. யோசனை ஒன்றுதான்!

ஏன் ரெண்டுமே பலித்தது? அதற்கும் பழைய பதில் இருக்கிறது. முதலாம் நூற்றாண்டில் ரோமில் செல்சஸ் என்பவர் எழுதிய மருத்துவ நூல், ஒருவகை மருவைப் பற்றி அது பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்றும், சில சமயம் திடீரென்று தானாக மறைந்துவிடும் என்றும் குறிப்பிடுகிறது. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்பே ஒருவர் கவனித்துவிட்டார்.

காரணம் தெரிய 20ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1907-இல் இத்தாலியில் சியுஃபோ என்ற மருத்துவர், மருவை அரைத்து, பாக்டீரியா கூடப் போக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாறு மனிதத் தோலில் மறுபடி மருவை உண்டாக்குவதைக் காட்டினார். 1949-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரஸ் கண்ணுக்குத் தெரிந்தது. மனித பாப்பிலோமா வைரஸ் என்பது அதன் பெயர், சுருக்கமாக எச்.பி.வி. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் மரு கொண்டு வருபவை ஒரு கூட்டம். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டு வருபவை, முக்கியமாக 16ஆம் 18ஆம் வகைகள், இன்னொரு கூட்டம். அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஹெரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் போடுகிற ஊசி அதற்கானது. அது கைமருவுக்கான ஊசி இல்லை. "கையில மரு இருக்கு, அப்ப புற்றுநோய் வருமா" என்று ஒரு அக்கா பயந்து கேட்டதால் இதை அழுத்திச் சொல்கிறோம். வராது.

1963-இல் அமெரிக்காவில் ஒரு காப்பகத்துப் பிள்ளைகளை ரெண்டு வருசம் தொடர்ந்து பார்த்து எழுதிய ஆய்வு வந்தது. வைத்தியமே செய்யாமல் மருக்களில் சுமார் மூன்றில் ரெண்டு பங்கு மறைந்துவிட்டன. (காப்பகத்துப் பிள்ளைகளைத்தான் இப்படிச் சும்மா வைத்துப் பார்க்க முடியும் என்பதையும் நாங்கள் கவனிக்காமல் இல்லை.) உடம்பு அந்த வைரஸை ஒருநாள் அடையாளம் கண்டுகொள்கிறது, பிறகு மரு உதிர்கிறது. அந்த நாள் எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முதல் வாரம் உப்புக் கொட்டியிருந்தால் உப்புக்குப் பேர், பன்றிக் கொழுப்புத் தேய்த்திருந்தால் கொழுப்புக்குப் பேர்.

அப்படியென்றால் "தானா போயிரும்" என்று சொன்னவர் சொன்னது சரிதான். எங்களுக்கு உறுத்தியதும் இதுதான். சரியான ஒரு வைத்திய வார்த்தை ஏன் அந்த அம்மாவின் காதில் அவமானமாக விழுந்தது?

அதற்குத் தோட்டத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி வேண்டும் என்று இலங்கையில் 1872-இல் ஒரு சட்டம் வந்தது. 1912-இல் இன்னும் ரெண்டு சட்டங்கள் அதை மாற்றி எழுதின. லயத்தைச் சுத்தமாக வைப்பதும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் துரையின் பொறுப்பாயின. வந்து இறங்கும் முன்பே மண்டபம் முகாமில் சனங்களை நாட்கணக்கில் தடுத்து வைத்து அம்மை குத்தினார்கள். பயம் பெரியம்மைக்கும் வாந்திபேதிக்கும். 1916-இல் ராக்ஃபெல்லர் அமைப்பு தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. வெறுங்காலில் மலை ஏறுகிறவர்களின் தோல் வழியாக ஏறி, இரத்தத்தைக் குடித்து, ஆளைச் சோர்ந்து போக வைக்கிற புழு. சோர்ந்த ஆள் வேலை செய்ய மாட்டார். ஆகவே அதற்குக் காசு வந்தது. நல்லதுதான், எங்கள் தாத்தா பாட்டிமாரில் பலர் அதனால் பிழைத்திருப்பார்கள். ஆனால் எது நோய் என்பதை எது தீர்மானித்தது என்று பாருங்கள். கொல்ல வேண்டும், பரவி ஊரைக் காலியாக்க வேண்டும், இல்லையென்றால் வேலையைக் குறைக்க வேண்டும்.

மரு இதில் ஒன்றையும் செய்யாது. அதனால் யாருடைய பேரும் அரைப் பேர் ஆகாது. அதுவும் பிரட்டுக்களத்தில் நிற்காத ஒரு பிள்ளையின் கை! அந்தக் கையைப் பார்க்க அம்மாயி ஒருத்திதான் இருந்தாள். டிஸ்பென்சரிக்குப் போனால் டாக்டரய்யா காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பார், மலைக்குப் போக முடியுமா முடியாதா என்று துண்டு எழுதுவார். மற்றதுக்கெல்லாம் "பொறுங்க". பீலிக்கு, கூரைத் தகரத்துக்கு, பிரஜாவுரிமைக்கு, காணிக்கு எல்லாவற்றுக்கும் அதே வார்த்தை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மூடின பிறகும் மிஞ்சியவர்கள் புது வீட்டுக்குப் பொறுத்துத்தான் இருந்தார்கள். இவ்வளவு 'பொறுங்க' கேட்ட ஒருவருக்கு, இந்த ஒரு 'பொறுங்க' மட்டும் உண்மையான வைத்தியம் என்று எப்படித் தெரியும்? அவர் பேட்டரித் தண்ணியை எடுத்தது அறியாமையால் மட்டும் இல்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பாசமும் அதில் இருந்தது.

உப்பு மிளகின் அருமை இங்கேதான் எங்களுக்குப் புரிந்தது. அதுவும் பொறுக்கத்தான் சொல்கிறது. ஆனால் கையைச் சுடாமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், உன் கையைப் பற்றி யோசிக்க ஒரு ஆள் இருக்கு என்று காட்டிவிட்டுப் பொறுக்கச் சொல்கிறது.

இப்போதைய வைத்தியத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது. சலிசிலிக் அமிலம் சேர்த்த பூச்சு மருந்து. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஓரளவு நல்ல சாட்சி இருப்பது இதற்குத்தான் என்கிறார்கள். இரவில் கையை இளஞ்சூட்டுத் தண்ணியில் ஐந்து நிமிசம் ஊற வைக்க வேண்டும். மேலே வெள்ளையாக ஊறின தோலை நகம் தேய்க்கிற அட்டையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும், அந்த அட்டையை வேறு யாரும் பாவிக்கக் கூடாது. சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவிவிட்டு, மருவின் மேல் மட்டும் மருந்தை வைத்து பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். தினமும். 12 வாரம் வரைக்கும். எரிந்தால் ரெண்டு நாள் விட்டுவிட்டுத் தொடரலாம். முகத்துக்கும் மறைவிடத்துக்கும் இது ஆகாது, சின்னப் பிள்ளைக்கு பார்மசிக்காரரிடமோ டாக்டரிடமோ கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நகம் கடிக்கிற பிள்ளையென்றால் அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஒரு விரலில் இருப்பது எல்லா விரலுக்கும் போகும்.

இதற்கும் போகாத பிடிவாத மருவுக்குப் பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்குகளில் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள். சில வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும், வலிக்கும். ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று பஸ் ஏறி பதுளைக்குப் போய் வர ஒரு முழு நாள் போகும், அம்மாவுக்கு அன்றைய பேர் இல்லை. அதனால் வீட்டு மருந்தை முதலில் 12 வாரமும் ஒழுங்காகப் பார்ப்பதுதான் எங்கள் புத்திக்குச் சரி. சுட்ட புண்ணில் சீழ் வைத்தால், மரு இரத்தம் கசிந்தால், வேகமாக வளர்ந்தால் மட்டும் நாளைக் கணக்குப் பார்க்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும்.

எங்கள் பிள்ளைக்கு முதலில் பெருவிரல் புண்ணுக்குக் கட்டுப் போட்டு ஆற வைத்தார்கள். பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பூச்சு மருந்து. கலண்டரில் ஒவ்வொரு இரவும் பிள்ளையே ஒரு புள்ளி வைத்தது, அது வகுப்பில் கணக்குப் பாடமாகவும் ஆனது. பதினோராம் வாரம் ஐந்து மரு இல்லை. நகக்கண் ஓரத்தில் ரெண்டு பிடிவாதமாக இருக்கிறது. பெருவிரல் தழும்பு போகாது.

போன வெள்ளிக்கிழமை அம்மாயி மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனார். பூச்சு மருந்து தொடங்கின வாரமே இவர் பீலிக்கரையில் உப்பும் மிளகும் போட்டிருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. "ரெண்டு இன்னும் மிச்சம் இருக்கே அம்மாயி" என்றோம். "அஞ்சுக்குள்ளத இன்னைக்குக் குடுத்திருவோம், ரெண்டுக்குள்ளது கடனா இருக்கட்டும்" என்றார். கோவில் படி ஏறும்போது பிள்ளை எங்கள் கையைப் பிடித்துக்கொண்டது, வலது கையால்.