திண்ணை முதல் ரிவாக் வரை

கல்வி தேடிக் கடல் கடப்பது நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. மக்கா, கெய்ரோ, பக்தாத், திமிஷ்கு ஆகிய நகரங்களின் அறிவுக்கூடங்கள் பல நாட்டு மாணவர்களால் நிறைந்திருந்தன. அம்மாணவர்கள் எந்த நூலை யாரிடம் ஓதினர் என்பதை நம் வரலாற்றேடுகள் விரித்துரைக்கின்றன. அவர்கள் எங்கே உறங்கினர், எதை உண்டனர், நோயுற்றபோது யார் அருகிருந்தனர் என்பதை நாம்தான் தேடிப் பொறுக்கியெடுக்க வேண்டியுள்ளது. ஓர் அறிவுக்கூடத்தின் பெருமையை அளக்க அதுவும் ஓர் அளவுகோல் ஆதலின், ஈண்டு அதனைச் சற்றே ஆராய்வோம்.

இதன் தொடக்கம் மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டியிருந்த திண்ணையாகும். வீடும் உறவும் அற்ற தோழர்கள் அங்குத் தங்கிக் கல்வி பயின்றனர். யமன் தேசத்தின் தவ்ஸ் குலத்தாராகிய அபூஹுரைரா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். மாலையானதும் ஊரிலிருந்த தோழர்கள் ஆளுக்கு ஒருவர் இருவராக அவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உணவளித்தனர். ஓதும் பிள்ளைகளுக்கு ஊரார் முறைவைத்துச் சோறளித்த நம் நாட்டு வழக்கத்துக்கும் இதுவே மூலம்.

ரொட்டியும் மருத்துவரும்

காலப்போக்கில் தனிமனிதரின் ஈகையாக இருந்தது வக்ஃபு என்னும் நிலைத்த ஏற்பாடாயிற்று. ஸ்பெயின் நாட்டு யாத்திரிகர் இப்னு ஜுபைர் 1183ஆம் ஆண்டில் இஸ்கந்தரிய்யாவில் இறங்கியபோது, சுல்தான் ஸலாஹுத்தீன் அங்குச் செய்திருந்த ஏற்பாடுகளைக் கண்டு வியந்தார். தொலைநாடுகளிலிருந்து வரும் மாணவருக்குத் தங்குமிடமும் ஆசிரியரும் உதவித்தொகையும் இருந்தன. குளிப்பதற்கு ஹம்மாமும், நோயுற்றால் மருத்துவமனையும் இருந்தன. மருத்துவமனைக்கு வரக் கூசிய அயலூராரிடம் ஆளனுப்பி, அவர்தம் நிலையை மருத்துவருக்கு எடுத்துரைக்கச் செய்தனர். மஃரிபு நாட்டு வழிப்போக்கருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ரொட்டிகள் வழங்கப்பட்டன. பின்னர் திமிஷ்கையும் கண்ட அவர், தம் நாட்டு இளைஞர்களைக் கிழக்கே சென்று கற்குமாறு தூண்டினார். அங்கு வயிற்றுக் கவலையின்றி மனத்தை ஒருமைப்படுத்தலாம் என்பதே அவர் காட்டிய காரணம்.

1234ஆம் ஆண்டில் பக்தாதில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனியே 62 மாணவர், ஆக 248 பேர் இடம் பெற்றனர். உணவும் மாதந்தோறும் பொற்காசும் அளிக்கப்பட்டன. அந்த மதரஸாவிலேயே மருத்துவரும் அமர்த்தப்பட்டிருந்தார். பாடத்தையும் உடல்நலத்தையும் ஒரே வளாகத்தில் வைத்து எண்ணிய தொலைநோக்கு பாராட்டத்தக்கதாகும்.

1896ஆம் ஆண்டின் பாடம்

இவ்வேற்பாடு மிக விரிவாக வளர்ந்த இடம் கெய்ரோவின் அல்-அஸ்ஹர். அங்கு ரிவாக் என்னும் நாட்டார் விடுதிகள் இருந்தன. மஃரிபு நாட்டார், ஷாம் நாட்டார், துருக்கியர், ஹபஷா நாட்டு ஜபர்த் பகுதியார், ஜாவாக்காரர் எனப் பலருக்கும் தனித்தனி ரிவாக். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷைகு தலைவர், நாள்தோறும் ரொட்டி, வக்ஃபு வருமானம். அந்நாட்டுச் செல்வர்களும் மன்னர்களும் தத்தம் ரிவாக்குக்கு அறக்கொடை அளித்தனர். அனுப்பும் நாடும் ஏற்கும் கூடமும் கைகோத்துப் பிள்ளையைப் பேணிய முறை இது. புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்-ஜபர்த்தியின் முன்னோர் ஜபர்த் ரிவாக்கின் தலைவர்களாக விளங்கியவர்களே.

ஆயினும் இம்முறையின் குறையையும் வரலாறு மறைக்கவில்லை. 1896ஆம் ஆண்டில் எகிப்தில் காலரா பரவிற்று. ஷாம் நாட்டு ரிவாக்கில் ஒரு மாணவர் நோயுற்றார். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அரசு அலுவலர் வந்தபோது, உடன் பயின்றோர் விட மறுத்துத் தடுத்தனர். அங்குச் சென்றவர் உயிரோடு திரும்புவதில்லை என்னும் அச்சம் அந்நாளில் மக்களிடையே வேரூன்றியிருந்தது. வாக்குவாதம் கல்லெறியாக முற்றியது; காவலர் உள்ளே புகுந்து துப்பாக்கிச் சூடு நடத்தினர்; மாணவர் தரப்பில் உயிரிழப்பும் நேர்ந்தது. நோயைத் தடுக்க வந்த செயலே உயிரைக் குடித்தது என்னும் துயரம் அன்று விளைந்தது.

இங்கு நாம் நின்று சிந்திக்க வேண்டும். அம்மாணவருக்கு ரொட்டி இருந்தது, கூரை இருந்தது, நாட்டார் துணையும் இருந்தது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே நம்பத்தக்க ஒருவர்தாம் இல்லை. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் இஸ்கந்தரிய்யாவில் மருத்துவமனைக்கு அஞ்சியவரிடம் ஆளனுப்பிய அந்தப் பரிவு, அன்று கெய்ரோவில் காணாமற்போயிருந்தது. அந்நாளில் அஸ்ஹரின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றிருந்த ஷைகு முஹம்மது அப்துஹு அவர்கள், ரிவாக்குகளின் தூய்மை, நீர் வசதி, மருத்துவர், மருந்தகம் ஆகியவற்றுக்காகப் பாடுபட்டார்கள். பாடத்திட்டச் சீர்திருத்தத்துக்காக மட்டுமே அவர்களை நினைவுகூர்வோர் இதனையும் அறிதல் நலம்.

மானமும் நலமே

உணவும் மருந்தும் மட்டும் நலமாகிவிடா. மக்காவில் 1870களில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்கள் நிறுவிய ஸவ்லத்திய்யா மதரஸா, கல்கத்தாவிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த ஸவ்லத்துன்னிஸா என்னும் மாதரசியின் கொடையால் எழுந்தது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நிறுவிய ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்களும் மக்காவில் மௌலானா அவர்களிடம் பயின்றவர்களே. இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் பிள்ளைகள் வேலூருக்கு ஓத வந்தமைக்குப் பின்னால் அந்த மக்கத்து மரபும் உண்டு. அத்தகு சிறப்புடைய ஸவ்லத்திய்யாவில் 1934ஆம் ஆண்டில் ஜாவா, மலாய் மாணவர்க்கு மனக்கசப்பு உண்டாயிற்று. தம் நாட்டாரின் மானம் குன்றியதாகக் கருதிய அவர்கள் திரளாக வெளியேற, அவர்களுக்கென மக்காவிலேயே தாருல் உலூம் தோன்றிற்று. பாடத்திலோ சோற்றிலோ குறையில்லை. மனம் புண்பட்டதே காரணம். அயல்நாட்டு மாணவனின் மொழியையும் நாட்டையும் மதிப்பது அவனுக்கு உணவளிப்பதை ஒத்த கடமை என்பதை இது உணர்த்துகிறது.

உலக நாடுகளும் இவ்வழியில் வந்துள்ளன. யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டில் 15 நாடுகளின் 33 உயர்நிலைப் பள்ளிகளை இணைத்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கிற்று. இன்று அது பெருகி வளர்ந்துள்ளது. நாடுகளுக்கிடையே பள்ளிகள் கைகோத்தல் மேலைநாட்டார் கண்ட புதுமை என எண்ணுவோர், ரிவாக்குகளின் கதையை அறிந்தால் அவ்வாறு கூறார்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் பிள்ளைகள் பயில்கின்றனர்; பிற நாட்டுப் பிள்ளைகளும் நம் அரபுக் கல்லூரிகளை நாடி வருகின்றனர். பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் ஏற்கும் கூடத்தாரும் கட்டணத்தையும் பட்டத்தையும் விசாரிப்பதோடு நின்றுவிடலாகாது. பிள்ளை நோயுற்றால் அவன் மொழியறிந்து அருகிருப்பவர் யார்? அவன் மனம் வாடினால் முதலில் அறிபவர் யார்? அச்செய்தியை இரு நாட்டுப் பள்ளிகளும் தமக்குள் பேசிக்கொள்ள வழி உண்டா? இவற்றுக்கு விடை பெற்ற பின்னரே பயணப்பெட்டியைக் கட்டுதல் வேண்டும். 1896ஆம் ஆண்டில் அந்த ரிவாக்கின் வாயிலில் நம்பிக்கைக்குரிய ஒருவர் நின்றிருந்தால் துப்பாக்கிக்கு வேலை இருந்திராது.

அத்தகையோரை நம் கூடங்கள் ஒவ்வொன்றிலும் உண்டாக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.