அரைநாள் பள்ளி: கம்மாபுரம் வட்டாரத்தை முன்வைத்துக் குழந்தை உழைப்பின் வரலாறு

விருத்தாசலம் வட்டத்தில், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டி அமைந்துள்ள கம்மாபுரமும் அதன் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர்களும் 1993 வரை பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தவை. நெல்லும் கரும்பும் முந்திரியும், இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும் இம்மண்ணின் விளைபொருள்கள். பக்கத்து விருத்தாசலமோ பீங்கான் பொம்மைகளுக்கும் மின்சார ஃப்யூஸ் கட்டைகளுக்கும் பெயர்பெற்ற செராமிக் தொழில் நகரம். இத்தகைய வட்டாரமொன்றில் குழந்தை உழைப்பின் வரலாற்றைத் தேடுபவர், ஆலைகளுக்காக இயற்றப்பட்ட சட்டங்களிலிருந்து தொடங்கினால் நெடுங்காலம் வெறுங்கையுடனேயே நிற்க நேரிடும். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டமான 1881ஆம் ஆண்டுச் சட்டம் 7 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கக்கூடாது என்று விதித்தாலும், இயந்திர விசையால் இயங்கி 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளை மட்டுமே அது தொழிற்சாலை என்று கொண்டது. வயலும் மாட்டுக்கொட்டிலும் மல்லாட்டைக் களமும் சூளையடியும் அதன் பார்வைக்கு வெளியிலேயே இருந்தன. ஆனால் தென்னாற்காட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோர் உழைத்த இடங்கள் இவையே. மாடு மேய்ப்பதும், பறவைகளை விரட்டுவதும், பிடுங்கிய செடியிலிருந்து மல்லாட்டை ஆய்வதும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு தாயை நடவுக்கு அனுப்புவதும் வேலை என்றே எண்ணப்படாமல், வளரும் பிள்ளையின் இயல்பான கடமைகளாகக் கருதப்பட்டன.

இக்கடமைகள் எல்லாக் குடும்பங்களிலும் ஒரே பொருள் கொண்டவை அல்ல. நிலமுடைய குடியானவரின் மகன் தன் வீட்டு மாட்டை மேய்த்தான்; நிலமற்றவரின் மகன் பிறர் மாட்டை மேய்த்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கொண்டு சில தென்னிந்திய ஊர்களை ஆய்வு செய்து 1918இல் நூலாக வெளியிட்டபோது, அவ்வூர்களில் ஒன்றாகத் தென்னாற்காட்டின் இருவேல்பட்டும் இடம்பெற்றது. அங்கு காணப்பட்ட படியாள் முறையை, அதாவது கூலியைத் தானியமாக அளந்து பெற்றுக்கொண்டு ஒரே நிலவுடைமைக் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டு உழைக்கும் ஏற்பாட்டை, அந்நூல் பதிவு செய்துள்ளது. திருமணம் போன்ற செலவுக்காக வாங்கிய சிறு கடனில் தொடங்கி, கடனும் அடையாமல் ஆளும் விடுபடாமல் தந்தைக்குப் பின் மகன்மேல் வந்து விழுவது அதன் வழக்கம். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று சொல்லி முக்கால் நூற்றாண்டு கழிந்தபின்னும் நிலைமை இதுதான். படியாளின் சிறுவன் பண்ணை மாட்டுக்கொட்டிலில் காலை வேலையைத் தொடங்கும்போது அவனுக்குத் தனி ஒப்பந்தம் எதுவும் தேவைப்படவில்லை. தந்தையின் கடனே அவனுக்கும் ஒப்பந்தமாக இருந்தது.

குழந்தையின் உழைப்பே அடமானப் பொருளாவதை அரசு முதன்முதலாகச் சட்டமொழியில் ஒப்புக்கொண்டது 1933இல்தான். விட்லி தலைமையிலான தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் 1931இல் அளித்த அறிக்கையில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பீடி, கம்பளம் முதலிய பட்டறைகளில் கட்டுண்டு கிடப்பது வெளிப்பட்டது. அதன் விளைவாக வந்த சட்டம் 15 வயதுக்குட்பட்டோரின் உழைப்பை ஈடுவைக்கும் உடன்படிக்கைகள் செல்லாது என்று அறிவித்தது. அதே சட்டம் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும் வேலை கொடுப்பவருக்கு 200 ரூபாய் வரையிலும் தண்டம் விதித்தது. நியாயமான கூலிக்கு, ஒரு வார முன்னறிவிப்பில் விலகத்தக்கதாகச் செய்யப்படும் ஏற்பாடுகளுக்கு அது விலக்கும் அளித்தது. கணக்கேடு இல்லாத பண்ணையில், ஊர்க்கட்டுப்பாட்டுக்கு நடுவே, இவ்விலக்கு எங்கே முடிந்து குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதை யார் அளந்திருக்க முடியும்?

பள்ளியின் பக்கமிருந்து பார்த்தாலும் காட்சி பெரிதும் வேறுபடவில்லை. 1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரும் அதிகாரத்தை உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்ததேயன்றி, அதைக் கடமையாக்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1916இல், இதே தென்னாற்காட்டின் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் தொடங்கிய கல்வி நிலையம் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்காகவே எழுந்தது. அதன் வரலாற்றில் விடுதிக்கு உள்ள இடம் வகுப்பறைக்கு உள்ளதைவிடக் குறைந்ததன்று. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பண்ணையாள் மகனைப் பாதி வழியில் கூப்பிட்டு மாட்டை ஓட்டச் சொல்ல நிலக்காரரால் முடியும். விடுதியில் உண்டு உறங்கும் பிள்ளையை அவ்வாறு அழைக்க முடியாது. ஆதிதிராவிடர் நல விடுதிகள் பின்னாளில் பரவலாக எழுந்ததன் முக்கியத்துவத்தை உணவு, உறைவிடம் என்ற அளவில் மட்டும் எடைபோடுவது போதாது. பிள்ளையின் முழு நாளையும் அவை பள்ளிக்கு மீட்டுக்கொடுத்தன.

முழு நாளா, அரைநாளா என்ற இக்கேள்வியே சென்னை மாகாணத்தின் மிகப் பெரிய கல்விச் சண்டையாக 1953இல் வெடித்தது. ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்குக் காலையிலும் மற்றொரு தொகுதிக்குப் பிற்பகலிலுமாக நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம், எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றல் என்ற ஏற்பாட்டை இராஜாஜி அரசு அந்தக் கல்வியாண்டில் நடைமுறைப்படுத்தியது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் பள்ளிக்கு வெளியே நின்ற காலத்தில், இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டே இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கில் நேர்மையான கவலையும் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. பருலேகர் தலைமையிலான வல்லுநர் குழு திட்டத்துக்குச் சாதகமாக அறிக்கை தந்தும் அது நிலைக்கவில்லை. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அன்றைய விவாதங்களில் குயவர் மகன், தச்சர் மகன், நெசவாளர் மகன் ஆகியோரே அடிக்கடி எடுத்துக்காட்டுகளாயினர். கம்மாபுரம் போன்ற ஊர்களிலிருந்து பார்த்தால் திட்டத்தின் ஆழமான பிழை வேறோர் இடத்தில் தென்படுகிறது. குயவர் மகனுக்குக் கற்பதற்குச் சக்கரமாவது உண்டு. பண்ணையாளின் மகனுக்குப் பெற்றோரின் தொழில் என்று எதைச் சுட்டுவது? அவன் தந்தைக்குச் சொந்தமாக ஏரோ நிலமோ கிடையாது. பள்ளி விடுவித்த அரைநாளில் அவன் போய்ச் சேரும் இடம் தந்தையின் எசமானருடைய வயலாகவே இருந்திருக்கும்; கல்வி என்ற பெயரால் பண்ணைக்கு அரைநாள் கூலியில்லா வேலையாள் கிடைத்திருப்பான். சாதி வழித் தொழிலைப் பிள்ளைமேல் சுமத்தியது என்ற கண்டனம் முற்றிலும் சரியானது. அதனுடன், தொழில் என்று சொல்லிக்கொள்ளவே ஒன்றுமில்லாதவரின் பிள்ளையைக் கடனுக்கே திருப்பி அனுப்பியது என்ற கண்டனத்தையும் சேர்த்தே எழுதியாக வேண்டும்.

அரைநாள் பள்ளி சென்னையில் தோன்றிய கருத்தன்று. இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளில் 8 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகள் அரைநாள் வேலையும் மூன்று மணி நேரப் படிப்புமாக நாளைக் கழிக்க 1844ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. விருத்தாசலத்தைப் போலவே களிமண்ணால் வாழ்ந்த ஸ்டாஃபோர்ட்ஷயர் மட்பாண்ட நகரங்களுக்கு அது 1864இல் நீட்டிக்கப்பட்டது. அந்நகரங்களின் பட்டறைகளைப் பற்றிச் சாமுவேல் ஸ்கிரிவன் 1840களின் தொடக்கத்தில் குழந்தை வேலை ஆணையத்துக்கு அளித்த அறிக்கை, ஈரத் தட்டுகள் ஒட்டிய அச்சுகளைச் சூடேற்றிய உலர்த்தும் அறைக்கு நாள் முழுதும் ஓடி ஓடிச் சுமந்த சிறுவர்களை விவரித்திருந்தது. அச்சிறுவர்களை அமர்த்திக் கூலி கொடுத்தவர் பெரும்பாலும் பட்டறை முதலாளி அல்லர். தட்டு வனையும் தொழிலாளியே. ஆகவே முதலாளியின் கணக்கில் குழந்தை இல்லை. பொறுப்பு இவ்வாறு கைமாறும் தந்திரம் நூறாண்டுக்குப் பின் தமிழகத்தில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை, துண்டுக்கூலி என்ற வடிவங்களில் மீண்டும் தோன்றியது. இங்கிலாந்தே தன் அரைநாள் முறையை 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் ஒழித்துவிட்டது என்பதையும், அதற்கு 35 ஆண்டுகளுக்குப் பிறகே சென்னை அதைப் புதுமையாக எடுத்துக்கொண்டது என்பதையும் இங்கே குறிப்பது பொருந்தும்.

காமராஜர் காலத்தில் முழுநாள் பள்ளியே நிலைபெற்றது. அதற்கு மதிய உணவு துணைநின்றது. சென்னை மாநகராட்சி 1920களிலேயே சிறிய அளவில் நடத்திய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கி மாநிலம் தழுவிய இயக்கமாயிற்று. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊராரையே பள்ளிக்குப் பொறுப்பாளராக்கின. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984இல் 15 வயது வரையிலான மாணவருக்கும் விரிந்தது. நண்பகலில் ஒரு வேளைச் சோறு கிடைக்கும் இடம் பள்ளி என்றானபோது, பிள்ளை வெளியே ஈட்டிவந்த அரைப்படித் தானியத்தின் இழப்பைத் தாய் தாங்கிக்கொள்ள முடிந்தது. வறுமை ஒழிந்த பின்னரே பள்ளி நிறையும் என்று காத்திருந்தால் அப்பள்ளிகள் நிறைந்திருக்கவே மாட்டா. அமெரிக்க அறிஞர் மைரன் வைனர் 1991இல் வெளியிட்ட நூலில், இந்தியாவில் குழந்தை உழைப்பு நீடிப்பதற்கு வறுமையைவிட ஆள்வோரின் மனப்பாங்கே காரணம் என்று வாதிட்டார். தமிழ்நாட்டின் சோற்றுக்கூடங்கள் அந்த வாதத்துக்கு ஓரளவு சான்று பகர்கின்றன.

ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம், சோறு போட்ட அதே மாநிலத்தில்தான் சிவகாசியும் இருந்தது. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழில், மானாவாரி நிலத்து மக்களுக்குப் பிழைப்பளித்ததோடு, குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பல்லாயிரம் சிறுவர் சிறுமியரை ஈர்த்துக்கொண்டது. இதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10இல் அளித்த தீர்ப்பு, ஆபத்தான வேலையில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலை கொடுத்தவரிடமிருந்து பெற்று நலநிதியில் சேர்க்க ஆணையிட்டது. ஆபத்தில்லாத வேலையில் உள்ள குழந்தை நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் உழைக்கக்கூடாது என்றும், குறைந்தது இரண்டு மணி நேரம் முதலாளியின் செலவில் கல்வி பெற வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 1954இல் மக்கள் தூக்கியெறிந்த அரைநாள் பள்ளி, இப்போது இரண்டு மணி நேரமாகச் சுருங்கி, கருணையின் உருவில் திரும்பி வந்தது.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடைசெய்யப்பட்ட தொழில்களின் பட்டியல் ஒன்றைக் கொண்டிருந்தது. பின்னர் விரிவாக்கப்பட்ட அப்பட்டியலில் முந்திரி பதப்படுத்துதலும், செங்கல் சூளையும், மட்பாண்ட–பீங்கான் தொழிலும் சேர்ந்தன. தோலெண்ணெயால் விரல் புண்ணாகும் முந்திரிக்கொட்டை உடைப்பும், மணற்சத்துத் தூசி நுரையீரலில் படியும் பீங்கான் பட்டறையும் இவ்வட்டாரத்துக்கு மிக நெருக்கமானவை. எனினும் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு இத்தடை பொருந்தாது என்று சட்டமே விலக்களித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கி, குடும்பத் தொழிலில் உதவுவதைப் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் மட்டும், அதுவும் ஆபத்தில்லாத வேலைகளில், அனுமதித்தது. இந்தியா பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138, 182ஆம் உடன்பாடுகளை ஏற்றது 2017இல். உலகளவில் குழந்தைத் தொழிலாளர் 2024இல் ஏறத்தாழ 13.8 கோடிப் பேர் என்றும், அவர்களில் ஐந்தில் மூவர் வேளாண்மையில் உள்ளனர் என்றும் அவ்வமைப்பும் யுனிசெஃப்பும் மதிப்பிடுகின்றன. ஆலையைப் பார்த்து எழுதிய சட்டம் வயலைத் தவறவிட்ட கதை தென்னாற்காட்டுக்கு மட்டும் உரியதன்று.

விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் இவ்வரலாற்றுக்குள் தனித்த இடம் பெறுகிறது. பிளாஸ்டர் அச்சில் களிக்குழம்பை ஊற்றி வார்ப்பது, மெருகுப்பூச்சின் கலவையை அளப்பது, சூளை வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது ஆகியன தந்தையின் சக்கரத்தருகே உட்கார்ந்து பழகும் வேலைகள் அல்ல. வேதியியலும் கணக்கும் அறிந்தவர் கற்க வேண்டியவை. அவற்றைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசு நிறுவனம் இந்நகரிலேயே உள்ளது. எந்தச் சாதியில் பிறந்த பிள்ளையும், பள்ளியை முடித்துவிட்டு, மண்ணைத் தொழிலாகத் தேர்ந்துகொள்ளலாம் என்ற அந்த ஏற்பாடு, 1953இன் திட்டத்தை முற்றிலும் தலைகீழாக்குகிறது: அங்கே தொழில் படிப்பின் பாதி நாளைப் பறித்தது, இங்கே முழுப் படிப்புக்குப் பிறகே தொழில் தொடங்குகிறது. ஆனால் பட்டயப் படிப்புக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமோ 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு, நின்றுவிடுகிறது. 14 வயதைக் கடந்தவரை ஆபத்தில்லாதது எனக் கருதப்படும் வேலைகளில் அமர்த்தத் தடையும் இல்லை. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை கட்டணமில்லை என்றாலும், எட்டாம் வகுப்போடு முந்திரித் தோப்புக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்ட கம்மாபுரத்துப் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்துவரும் சட்டக் கடமை, எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளுக்கு, எவருக்கும் இல்லை.