சரண் சிங்கும் என் நாலு துண்டு நிலமும்

எனக்கு இருக்கிறது ரெண்டே முக்கால் ஏக்கர். அதுவும் நாலு இடத்துல கிடக்கு. கிணறு ஒரு துண்டுலதான். மத்த மூணுக்கும் தண்ணி கொண்டுபோக பங்காளி வரப்பைத்தான் கெஞ்சணும். சின்னத் துண்டுல டிராக்டர் திரும்பறதுக்கே பாதி நேரம் போயிடும். பட்டணத்துச் சொந்தக்காரங்களுக்கு இது புரியாது, "கிட்டத்தட்ட மூணு ஏக்கரா, பரவாயில்லையே"ம்பாங்க.

இதை நினைக்கும்போதெல்லாம் சௌத்ரி சரண் சிங் ஞாபகம் வருவார். 1979 ஜூலை 28-ல் பிரதமர் ஆனார். இந்திரா காந்தி கட்சி ஆதரவை வாபஸ் வாங்கியதும், நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்னாலேயே ஆகஸ்ட் 20-ல் ராஜினாமா செய்தார். தேர்தல் முடிந்து 1980 ஜனவரி வரை காபந்து பிரதமர். பிரதமராக நாடாளுமன்றத்தைச் சந்திக்காதவர். பொது அறிவுப் புத்தகத்துல அவருக்கு இந்த ஒரு வரிதான். மொரார்ஜி ஆட்சி கவிழ்ந்ததுல அவருக்குப் பங்கு உண்டு, பதவி ஆசையும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்ல.

ஆனா அவர் செஞ்ச பெரிய வேலை அதுக்குக் கால் நூற்றாண்டு முன்னாடி, உத்தரப் பிரதேசத்துல. மீரட் பக்கம் ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தில் 1902-ல் பிறந்தவர். அங்கே ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு. 1952-ல் அது அமலுக்கு வந்தது. அடுத்த வருஷம் பட்வாரிகள், அதாவது நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளை மாதிரி நிலக் கணக்கு வச்சிருந்தவங்க, அரசைப் பணிய வைக்கலாம்னு கூட்டமா ராஜினாமாக் கடிதம் கொடுத்தாங்க. சுமார் 27,000 பேர். வருவாய்த்துறை அமைச்சரா இருந்த இவர், சரி போங்கன்னு எல்லாத்தையும் ஏத்துக்கிட்டு, லேக்பால்ங்கிற புதுப் பதவியில ஆள் போட்டார்! கணக்கு யார் கையில இருக்கோ நிலமும் அவன் கையிலதான்னு தெரிஞ்ச மனுஷன். நம்ம பக்கம் பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை 1980-ல்தான் போச்சு.

அதே 1953-ல் வந்ததுதான் நில ஒருங்கிணைப்புச் சட்டம். அங்க அதுக்கு 'சக்பந்தி'ன்னு பேரு. ஒருத்தருக்கு அஞ்சாறு இடத்துல சிதறிக் கிடக்கிற நிலத்தை மதிப்புப் போட்டு, மாத்தி, ஓரிடமாக் கொடுக்கிறது. கிணறு வெட்டினா மொத்த நிலத்துக்கும் பாயும். பின்னால பசுமைப் புரட்சி மேற்கு உத்தரப் பிரதேசத்துல வேரூன்ற இதுவும் ஒரு காரணம்னு நான் நம்பறேன். நல்ல மண்ணை செல்வாக்குள்ளவன் அமுக்கிக்கிட்டான்ங்கிற புகாரும் அங்க உண்டு.

1959-ல் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டில் நேரு கூட்டுப் பண்ணை முறையை ஆதரித்தபோது, அவர் முன்னாலேயே எழுந்து எதிர்த்துப் பேசினார். தன் நிலத்துல தானே உழறவன்தான் நல்லா உழுவான், இதுதான் அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

ஒரு இடத்துலதான் மனசு ஒப்பல. குத்தகைக்காரர் வருஷ வாரத்தைப் போல பத்து மடங்கு கட்டினா முழு உரிமை கிடைக்கும்னு சட்டம். கட்டினவன் உழவன் ஆனான், ஜாட், யாதவ், குர்மி சமூகங்கள் எழுந்து நின்னுது. குத்தகைகூட இல்லாத கூலிக்காரன், பெரும்பாலும் தலித்துகள், வரப்புலயே நின்னுட்டான். என் வயல்ல நாத்து நடற பொம்பளைங்களுக்கும் நிலம் இல்ல. சரண் சிங் சொன்ன 'விவசாயி'ங்கிற வார்த்தைக்குள்ள அவங்க இருந்தாங்களா? எனக்குச் சந்தேகம்தான்.

2024 பிப்ரவரியில் நம்ம எம்.எஸ்.சுவாமிநாதனுக்கும் இவருக்கும் ஒரே நாள்ல பாரத ரத்னா அறிவிச்சாங்க. அடுத்த வாரம் டெல்லிக்குப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகளை ஷம்பு எல்லையில தடுத்து நிறுத்தினாங்க.

என் கதைக்கு வர்றேன். கிணத்தை ஒட்டின துண்டை மாத்திக்கலாமான்னு பங்காளிகிட்ட ஆறு வருஷமா கேக்கறேன். "பாக்கலாம்ணே, உன் மண்ணு களிமண்ணாச்சே"ங்கிறான். பரிவர்த்தனைப் பத்திரச் செலவை நானே ஏத்துக்கறேன்னும் சொல்லியாச்சு. தை அறுப்பு முடியட்டும், மறுபடி கேக்கணும்.