கனசாவாவின் வட்ட அருங்காட்சியகம்

ஜப்பான் கடலை ஒட்டிய இஷிகாவா மாகாணத்தின் தலைநகர் கனசாவா. 1583இல் மயேதா தொஷீயே இவ்வூர்க் கோட்டைக்குள் குடிபுகுந்தார். அன்றுமுதல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அவர் வழிவந்தவர்களே காகா என்னும் இந்தச் சிற்றரசை ஆண்டனர். ஒரு சிற்றரசின் செல்வத்தை அதன் அரிசி விளைச்சலால் மதிப்பிட்ட காலம் அது. ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி ஒரு கொக்கு என்றால், காகாவின் மதிப்பு 10 லட்சம் கொக்கு. நாட்டை ஆண்ட தோக்குகவா ஷோகன்களின் சொந்த நிலங்களை விட்டுவிட்டால் நாட்டில் வேறெந்தச் சிற்றரசும் அதற்கு ஈடில்லை.

அவ்வளவு செல்வம் வைத்திருப்பவர்மீது ஷோகன்களின் கண் இருக்கத்தானே செய்யும். படை திரட்டுகிறார்கள் என்ற பேச்சு ஷோகன்களின் எடோ நகரை எட்டிவிடாதபடி மயேதா குடும்பத்தினர் பார்த்துக்கொண்டார்கள். பணம் தேநீர்ச் சடங்குக்கும் நோ நாடகத்துக்கும் அரக்குப் பூச்சு வேலைக்கும் பட்டுச் சாயத்துக்கும் போயிற்று. கவசங்களைச் செப்பனிட்டுவந்த கோட்டைப் பட்டறை, ஐந்தாம் தலைவர் மயேதா த்சுனனோரியின் காலத்துக்குள் நுண்ணிய கைவினைப் பொருள்கள் செய்யும் இடமாக வளர்ந்துவிட்டது. நாடெங்குமிருந்து கைவினை மாதிரிகளைத் திரட்டித் தொகுத்து வைத்தவரும் அவரே. ஜப்பானில் செய்யப்படும் தங்க ரேக்கு ஏறத்தாழ முழுவதும் இன்றும் இந்த ஊரிலிருந்துதான் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பியதால் சாமுராய்த் தெருக்களும் மரவீடுகளும் பிழைத்தன. பழமையே ஊரின் முகவரி ஆனது.

இத்தகைய ஊரில் சமகாலக் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் எழுந்ததற்குக் கலைக் காரணங்களைவிட ஊர்க் காரணங்களே முதன்மையானவை. போருக்குப் பின் கோட்டை வளாகத்துக்குள் கனசாவா பல்கலைக்கழகம் இயங்கிவந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் அது புறநகருக்குப் பெயர்ந்தது. கோட்டைக்கும் கென்ரோகுஎன் தோட்டத்துக்கும் அருகே, ஹிரோசாகா பகுதியில் இருந்த அதன் இணைப்புப் பள்ளிகளும் கிளம்பின. பக்கத்தில் இருந்த மாகாண அரசு அலுவலகமும் 2003இல் இடம் மாறியது. மாணவர்களும் அலுவலர்களும் போய்விட்டால் நகரின் நடுப்பகுதிக்கு யார் வருவார்கள் என்ற கவலை மாநகராட்சியைப் பிடித்துக்கொண்டது.

அப்போது மேயராக இருந்தவர் யமாதே தமோத்சு. 1996இல் அவருடைய நிர்வாகம், கைவிடப்பட்ட நூற்பாலையின் செங்கல் கிடங்குகளைக் குடிமக்களின் கலைக் கிராமமாக மாற்றியது. நாடக ஒத்திகைக்கும் இசைக்கும் அது ஆண்டு முழுவதும், இரவு பகல் பாராமல் திறந்திருந்தது. அந்தத் துணிச்சலின் அடுத்த படிதான் அருங்காட்சியகம். சமகாலக் கலைக்கென்றே ஜப்பானில் பொது அருங்காட்சியகங்கள் வரத் தொடங்கியும் அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஹிரோஷிமா நகர அருங்காட்சியகம் 1989இலும் டோக்கியோ மாநகருடையது 1995இலும் திறக்கப்பட்டவை. செழிப்பான காலத்தில் மாகாணங்கள் போட்டிபோட்டுக் கட்டிய கலைக்கூடங்கள் பல ஈயோட்டிக்கொண்டிருந்ததையும் மக்கள் பார்த்திருந்தார்கள். ஆகவே, அரக்குக் கிண்ணங்களின் ஊருக்கு இது எதற்கு என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

1999இல் கட்டடக்கலைஞர்கள் கசுயோ செஜிமா, ர்யூயே நிஷிசாவா இருவரின் சனா நிறுவனம் வடிவமைப்புக்குத் தேர்வானது. அவர்கள் தந்தது 112.5 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். மனை எல்லாப் பக்கமும் தெருக்களைப் பார்த்திருந்ததால், எந்தத் தெருவுக்கும் முதுகு காட்டாத கட்டடம் வேண்டியிருந்தது. சுற்றுச்சுவர் முழுவதும் கண்ணாடி. பல திசைகளிலும் வாயில்கள். வட்டத்துக்குள் காட்சிக்கூடங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனிப் பெட்டிகளாக நிற்கின்றன. அவற்றின் உயரம் 4 மீட்டர் முதல் 12 மீட்டர் வரை மாறுவதால், தட்டையான கூரைக்கு மேலே சில தலைநீட்டும். இடையில் ஓடும் நடைவழிகளும் நான்கு கண்ணாடி முற்றங்களும் உள்ளே வெளிச்சத்தைக் கொண்டுவருகின்றன. இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

கட்டடத்தின் உண்மையான புதுமை கண்ணாடியில் இல்லை, கட்டணம் வசூலிக்கும் எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள் என்பதில் இருக்கிறது. காட்சிக்கூடங்களுக்குச் சீட்டு வேண்டும். அவற்றைச் சூழ்ந்த வெளி வளையத்துக்கு வேண்டாம். நூலகம், குழந்தைகளுக்கான பட்டறை, உணவகம், நகரவாசிகளின் காட்சிக்கூடம் எல்லாம் அந்த வளையத்தில் இருக்கின்றன. இரவு 10 மணிவரை அது திறந்திருக்கும். வேலை முடிந்து வீடு திரும்புபவர் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு இதன் வழியே குறுக்கே நடந்துவிடலாம். 2004 செப்டம்பரில் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் இக்கட்டடத்துக்காகவும் சனாவுக்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது. அடுத்த மாதம், அக்டோபர் 9 அன்று, 21ஆம் நூற்றாண்டு சமகாலக் கலை அருங்காட்சியகம் என்ற பெயரில் கதவுகள் திறந்தன. உள்ளூரார் அதை மருபீ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

கலைப்படைப்புகளில் சில கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டவை. அர்ஜென்டினாக்காரர் லியாண்ட்ரோ எர்லிக்கின் நீச்சல் குளம் ஒரு முற்றத்தில் இருக்கிறது. கண்ணாடித் தளத்தின்மேல் சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணீர், அதற்குக் கீழே நீலச் சுவர்களோடு ஒரு வெற்று அறை. மேலே நிற்பவருக்குக் கீழே இருப்பவர்கள் ஆடை நனையாமல் குளத்தின் அடியில் நடப்பதுபோல் தெரியும். மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் அறையில், சாய்ந்த கான்கிரீட் சுவரில் கரிய நீள்வட்டம் ஒன்று. அது பள்ளமா, பூச்சா என்று பார்ப்பவர் குழம்புவார். ஜேம்ஸ் டரல் கட்டிய அறையின் கூரையில் சதுரத் திறப்பு; சுவரோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்று சொல்லிக்கொள்ளும் ஊரில், அந்தத் திறப்பின் வழியே வருவது பெரும்பாலும் மழையோ பனியோதான். வெளியே புல்வெளியில் ஃப்ளோரியன் கிளாரின் 12 பேச்சுக்குழல்கள் முளைத்திருக்கின்றன. நிலத்தடியில் அவை இரண்டிரண்டாக இணைந்தவை, ஆனால் அருகருகே இருப்பவை இணைந்திருக்க வேண்டியதில்லை. ஓலஃபூர் எலியாசனின் மூவண்ணக் கண்ணாடிச் சுவர்கள் 2010இல் சேர்ந்தன.

முதல் இயக்குநர் மினோ யுத்தாக்கா இவ்வூரிலேயே பிறந்தவர், கீழைக் கலை வல்லுநர். தலைமைக் கலைப்பொறுப்பாளர் ஹசெகாவா யூக்கோ. திறந்த ஆண்டில் கனசாவாவின் தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரையும், ஏறக்குறைய 40,000 பேரை, பேருந்துகளில் அழைத்துவந்தார்கள். திரும்பும்போது ஒவ்வொரு பிள்ளை கையிலும் மறுமுறை வருவதற்கான சீட்டு. பிள்ளைகள் அதைக் காட்டிப் பெற்றோரை இழுத்துவந்தனர். ஊரின் ஐயத்தைத் தீர்க்க விளம்பரங்களைவிட அந்தச் சீட்டே அதிகம் உதவியிருக்கும். சுமார் நாலரை லட்சம் பேர் வாழும் நகரில் முதல் ஆண்டு வருகை 15 லட்சத்தைத் தாண்டியது.

2015 மார்ச்சில் அதிவேக ஷின்கான்சென் ரயில் டோக்கியோவிலிருந்து கனசாவாவை எட்டியதும் வெளியூர்க் கூட்டம் பெருகியது. நீச்சல் குளத்தின் கீழே நின்று படமெடுத்துக்கொள்ளவே பலர் வந்தார்கள். நீண்ட வரிசைகளைச் சமாளிக்க முன்பதிவு முறை வந்தது. மாநகராட்சிக்கு இது வெற்றிதான். ஆனால் டரலின் அறையில் தனியாக உட்கார நினைத்தவருக்கு அப்படித் தோன்றியிருக்காது.

2024 ஜனவரி 1 அன்று அதே மாகாணத்தின் நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. அருங்காட்சியகக் காட்சிக்கூடங்களின் கூரையில் தொங்கிய கண்ணாடிப் பலகைகள் சில கீழே விழுந்தன. கட்டடம் மூடப்பட்டது. கட்டணமில்லாத வெளி வளையம் படிப்படியாகத் திறக்க, காட்சிக்கூடங்கள் ஜூன் 22 அன்று மீண்டும் செயல்படத் தொடங்கின. அந்த அக்டோபரில் அருங்காட்சியகத்துக்கு 20 ஆண்டுகள் நிறைந்தன.