கவனமில்லாத பிள்ளையா?

"படிப்பில் கவனமில்லை" என்று ஒரு பிள்ளையைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கவனத்தை உளவியலாளர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டும் என நினைக்கிறேன்.

இலக்கங்களை வாசித்து, அதே ஒழுங்கில் திருப்பிச் சொல்லக் கேட்பது ஒரு சோதனை. சொல்ல அதிக நேரமெடுக்கும் இலக்கங்களை மனதில் வைத்திருப்பது கடினம் என்பது 1980இல் வேல்ஸ் மொழி பேசுவோரிடம் காட்டப்பட்டது. ஆங்கிலத்தில் அநேகமான இலக்கங்கள் ஓரசைச் சொற்கள், தமிழில் அப்படியில்லை. ஆகவே ஆங்கிலப் பிள்ளையின் அளவுகோலை யாழ்ப்பாணப் பிள்ளைக்கு அப்படியே வைக்க முடியாது.

பார்க்கும் விதமும் வேறுபடும். 2001இல் மசுடாவும் நிஸ்பெட்டும் நீருக்கடிக் காட்சியொன்றைக் காட்டியபோது, அமெரிக்க மாணவர்கள் பெரிய மீனிலிருந்து விபரிக்கத் தொடங்கினர். யப்பானிய மாணவர்கள் பெரும்பாலும் சூழலிலிருந்து தொடங்கினர்.

எங்களிடம் போரும் சேர்கிறது. வடக்கு கிழக்கின் 420 தமிழ் மாணவர்களை உள்ளூர் ஆலோசனை ஆசிரியர்கள் தமிழில் நேர்கண்ட ஆய்வு 2009இல் வெளியானது. 92 வீதமானோர் குண்டுவீச்சு, ஷெல்லடி, உறவினரின் மரணம் போன்றவற்றுக்கு முகங்கொடுத்திருந்தனர். 25 வீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. அவர்களின் நினைவாற்றலும் பாடசாலைப் புள்ளிகளும் பாதிக்கப்பட்டிருந்தன.

ஷெல் கூவும் சத்தத்தைக் கேட்டவுடன் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைக்குக் கவனம் நிறையவே இருந்தது. உயிர் காத்த அந்தக் கவனம் சண்டை ஓய்ந்த பின்னும் காவலில் நிற்கும்; கரும்பலகைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அன்றைய பிள்ளைகள் பலர் இன்று பெற்றோர். புள்ளி குறைந்தால், பிரம்பை எடுக்கமுன் நித்திரை வருகிறதா, திடுக்கிட்டு எழும்புகிறதா என்று கேளுங்கள். தேவையென்றால் உளநலப் பிரிவை நாடுங்கள்.